இலையைத் தொடாத ஊசி

ஓரடிச் சதுரத்தில் ஒரு குவில்ட். போர்த்திக்கொள்ள அல்ல, சுவரில் மாட்ட. மேலே கைத்தறித் துணி, நடுவே பஞ்சு, அடியில் பழைய பருத்தி வேட்டியில் கிழித்த துண்டு. மூன்றையும் சேர்த்துப் பிடிப்பது ஓட்டத் தையல்தான்.

ஊசி இறங்கிய இடம் அமுங்குகிறது. தைக்காமல் விட்ட இடம் தானாக உப்பி நிற்கிறது. இலை எழும்ப வேண்டுமென்றால் இலையை விட்டுவிட்டு, அதைச் சுற்றியுள்ள வெளியில் தையலை நெருக்க வேண்டும். இது புரிந்த பிறகு எதைத் தைப்பது என்று நான் யோசிப்பதில்லை. எதை விடுவது என்றுதான் யோசிக்கிறேன்.

மேசையில் ஒரு சீமைப்பலா இலை. விரல் விரலாகப் பிளந்த அகல இலை. ஹவாய்த் தீவுப் பெண்களுக்குப் பிடித்த குவில்ட் வடிவம் இது. 1820இல் அங்கே வந்த மிஷனரிக் குடும்பத்துப் பெண்கள் சொல்லிக்கொடுத்தது, சிறு துண்டுகளை இணைத்துத் தைக்கும் முறை. தீவுப் பெண்கள் முழுத் துணியையே எட்டாக மடித்து, ஒரே வெட்டாக வெட்டி, விரித்து இலைக்கூட்டமாக்கிக் கொண்டார்கள். ஓரத்தை ஊசிமுனையால் உள்ளே தள்ளி மடக்கித் தைத்த பிறகு, அந்த விளிம்பையே பின்பற்றி வரிக்கு வரி, ஏறக்குறைய ஒரு விரல் இடைவெளியில், குளத்தில் கல் விழுந்தாற்போல் தையல் பரவும். அவர்கள் இலைக்குள்ளும் தைப்பார்கள். என் சதுரம் சிறியது. நடு நரம்போடு நிறுத்திக்கொள்கிறேன்.

இன்னும் உயரம் வேண்டுமா? வடிவத்தைச் சுற்றித் தைத்துவிட்டு, பின்துணியில் சிறு கீறல் போட்டு, குச்சியால் பஞ்சைத் திணித்து மூடலாம். டிரபுன்டோ என்பார்கள். பஞ்சு திணித்துப் புடைக்க வைப்பது பழைய வித்தை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள டிரிஸ்டன் குவில்ட் ஏறத்தாழ 1360-1400இல் சிசிலியில் செய்தது. லினன் துணி, பஞ்சு, பழுப்பு நூல், வெள்ளை நூல். வண்ணத் துணியே கிடையாது. ஆட்களும் குதிரைகளும் கப்பல்களும் தையல் கோட்டாலும் நிழலாலுமே உருவம் கொள்கின்றன.

பாசிமணியும் பொத்தானும் தைத்தால் ஆழம் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். வருவது மினுமினுப்பு.

துணி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. பெரிய பூப்போட்ட துணி சிறிய சதுரத்துக்கு ஆகாது. பூ தெரியும், இலை தொலைந்துவிடும். மதுரைச் சுங்குடி வேறு கதை. முடிச்சைப் பிரித்து இஸ்திரி போடாமல் வைத்தால் ஒவ்வொரு புள்ளியிலும் சின்னப் புடைப்பு நிற்கும். மரப்பட்டை செய்ய அதற்குமேல் என்ன வேண்டும்? கொடி, காம்பு மாதிரி வளைந்து போகிறவற்றுக்குத் துணியைக் கிராஸாக வெட்டுங்கள், சுருங்காமல் வளையும்.

முடிந்ததும் ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டாதீர்கள். முகத்துக்கு நேரே விழும் வெளிச்சத்தில் மேடு பள்ளம் தெரியாது. ஜன்னலை ஒட்டிய பக்கச் சுவர் நல்லது. வெயில் மட்டும் நேரே படக் கூடாது, சாயம் வெளுத்துவிடும்.