நூறு புள்ளிகளும் ஒரு வாகையும்

தனியொருவனின் ஆற்றல் பெரிதா, கூடி உழைப்போரின் ஒற்றுமை பெரிதா? அமெரிக்கக் கூடைப்பந்து வரலாறு இவ்வினாவுக்கு விடை பகர்கிறது.

1962 மார்ச் 2ஆம் நாள், வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் குவித்தார். ஆயினும் அப்பருவத்தில் வாகை சூடியது பில் ரசலின் பாஸ்டன் குழுவே. எதிரியைத் தடுப்பதையும் பந்தை மீட்டுத் தோழர்க்கு அளிப்பதையும் கடமையெனக் கொண்ட ரசல், 13 பருவங்களில் 11 முறை வாகை கண்டார்.

அவ்வாறாயின், திறலுடையோன் தன்னைக் குறுக்கிக்கொள்ள வேண்டுமா? வேண்டுவதில்லை. 1967இல் சேம்பர்லின் தாம் எடுக்கும் புள்ளிகளைக் குறைத்துப் பந்தைப் பகிர்ந்தார்; நல்ல துணைவரும் வாய்த்தனர்; முதன்முறையாக வாகை சூடினார். அவர்தம் திறன் குன்றவில்லை. பிறர் கைகளிலும் அது தொழிற்பட்டது.

பின்தங்கிய தோழனுக்குக் கணக்கைக் கற்பிக்கும் முதல் மாணவன், தன் அறிவில் எதனை இழக்கிறான்?