இரைப்பை தன்னைத் தின்னாதது ஏன்?

சீடன்: ஐயா, குடல்கறி சாப்பிட்டால் செரித்துவிடுகிறது. அதைச் செரிக்கும் இரைப்பையும் அதே போன்ற சதைதானே? அது ஏன் தன்னையே செரித்துக்கொள்வதில்லை?

குரு: ஏரிக்கரையைப் பார்த்திருப்பாய். தண்ணீர் அரிக்க அரிக்க மண் போட்டுக்கொண்டே இருப்பதால்தான் கரை நிற்கிறது. இரைப்பையும் அப்படித்தான்.

சீடன்: உயிருள்ள சதையை அமிலம் தீண்டாது என்று சொல்லிவிட்டால் போதாதா? செரிப்பதெல்லாம் செத்த இறைச்சிதானே?

குரு: இந்த மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. என்னை வெகுகாலம் ஆட்டிவைத்ததும் இதுவே. லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்ட்டர் 1772இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். திடீரென இறந்த சிலரின் உடல்களை அறுத்துப் பார்த்தபோது இரைப்பைச் சுவரே கரைந்து ஓட்டை விழுந்திருந்தது. இறந்தபின் அவரவர் சாறே அவரவர் இரைப்பையைச் செரித்தது என்றார். அதுவரை காத்தது உயிராற்றல், அது போனதும் காவலும் போயிற்று என்பது அவர் முடிவு. கேட்கத் தெளிவாகத்தான் இருக்கிறது.

அடுத்த நூற்றாண்டில் பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார், நாயின் இரைப்பைக்குத் துளையிட்டு, அதன் வழியே உயிருள்ள தவளையின் காலை உள்ளே விட்டார். தவளை உயிரோடிருக்கும்போதே கால் செரித்துப்போயிற்று. உயிர் இருந்தும் காவல் இல்லை! தவளைக் காலில் கரைக்கு மண் போட ஆளில்லை, அவ்வளவுதான்.

சீடன்: அப்படியானால் மனக்கவலையால் அல்சர் வருகிறது என்கிறார்களே...

குரு: அது சிறு ஐயம், இருக்கட்டும். மண் போடுபவர் யார் என்று கேள். இரைப்பைச் சாற்றின் பிஎச் அளவு 2க்கும் கீழே போகும். ஆனால் உட்சுவரின் செல்கள் கெட்டியான கோழையைச் சுரந்து, அதனடியில் பைகார்பனேட்டையும் விடுகின்றன. அமிலம் அதைக் கடக்கும்போதே முறிந்துவிடுவதால், செல்லை ஒட்டிய இடத்தில் பிஎச் 7ஐ நெருங்குகிறது. செல்களும் இடுக்கின்றிப் பிணைந்துள்ளன. சில நாள்களுக்கொரு முறை பழையவை உதிர, புதியவை ஏறிவருகின்றன. புரதத்தை வெட்டும் பெப்சின்கூடப் பெப்சினோஜென் என்ற செயலற்ற வடிவிலேயே சுரக்கிறது. வெளியே வந்து அமிலம் பட்ட பிறகே வேலை செய்யும். கணையமும் இதே எச்சரிக்கையோடு டிரிப்சினோஜெனை அனுப்புகிறது. அது முன்சிறுகுடலைச் சேர்ந்த பின்னரே டிரிப்சினாகும். கணையத்துக்குள்ளேயே அப்படி மாறிவிட்டால் கணையம் தன்னையே செரிக்கத் தொடங்கும். கணைய அழற்சி பெரும்பாலும் அதுதான்.

கரை உடையும் வழிகளும் தெரிந்தவையே. ஆஸ்பிரின், இபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள், கோழையும் பைகார்பனேட்டும் சுரக்கத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டினைக் குறைத்துவிடும். மண் வருவது குறைந்தால் கரை மெலியும். ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவோ கோழைக்குள்ளேயே குடியேறிப் புண்ணாக்கும். அதைக் கண்டறிந்த ஆஸ்திரேலியர்கள் பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

சீடன்: அப்படியானால் ஹன்ட்டர் சொன்னது பிழையா?

குரு: பாதி சரி. உயிர்தான் காக்கிறது, ஆனால் ஓயாத மராமத்து வேலையாக இருந்து காக்கிறது. வேலை நின்ற இடத்தில், உயிரோடிருந்தாலும் புண்தான். ஆகவே மருத்துவரைக் கேட்காமல் நாள்கணக்கில் வலி மாத்திரை விழுங்காதே.