அயலார் முற்றத்துப் புல்லும் அதற்குரிய கூலியும்

ஆறு பேர் எட்டு நாளிற் செய்யும் வேலையை நான்கு பேர் எத்தனை நாளிற் செய்வர் என்னுங் கணக்கை நாம் ஆண்டுதோறுங் கற்பித்து வருகின்றோம். அவ்வகைக் கணக்குக்களில் ஒருவனது நாட்கூலி இவ்வளவென்று முதலிலேயே கொடுக்கப்பட்டிருக்கும். அதனைத் தீர்மானித்தவர் யார், எதுகொண்டு தீர்மானித்தார் என்பன கணக்கினுள் வாரா, பிள்ளைகளுங் கேளார். ஆயின், அப்பிள்ளைகளுள் ஒருவன் மாரி கழிந்த தை மாதத்திலே அயல்வீட்டு முற்றத்திற் புல் வெட்டி முடித்து, “எவ்வளவு தம்பி?” என்று வீட்டுக்காரர் வினாவும்போது, விடையறியாது நிலத்தைப் பார்த்து நிற்கின்றான். நாம் கற்பித்த கணக்கு அங்கே அவனுக்கு உதவுகின்றிலது. இது சிறு காரியம் போலத் தோன்றினும், நீதி என்னுஞ் சொல்லை ஒருவன் தன் வாழ்நாளில் முதன்முதல் எதிர்ப்படும் இடம் இதுவேயாதலின், இதுபற்றிச் சில கூறுவாம்.

புல் வெட்டுதல் கூலி பேசுதற்கும் தகுதியற்ற தாழ்ந்த தொழில் என்னும் எண்ணம் முதற்கண் நீங்கல் வேண்டும். யாழ்ப்பாணத்திலே புல்லுச் செருக்குங் கருவிக்கு உழவாரம் என்றே பெயர். அப்பரடிகள் திருக்கரத்திலே விளங்கியதும் அதுவேயன்றோ? திருவீழிமிழலையிலே பஞ்சம் உற்றகாலத்து, இறைவர் அப்பரடிகளுக்கும் திருஞானசம்பந்தப் பிள்ளையாருக்கும் நாடோறும் ஒவ்வொரு பொற்காசு அருளினார் என்றும், பிள்ளையார் பெற்ற காசு வாசியுடையதாய் இருப்ப, அப்பரடிகள் பெற்ற காசு வாசியின்றி முழுமதிப்பும் பெற்றது என்றுஞ் சேக்கிழார் பெருமான் கூறுகின்றார். வாசியாவது, காசு மாற்றுமிடத்துத் தரக்குறைவுபற்றிக் கழிக்கப்படும் வட்டம். அப்பரடிகள் கைத்தொண்டு செய்தமையே அவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்பர். இவ்வரலாற்றைப் பாடஞ் சொல்வோர் பலர் பிள்ளையார் பதிகம் பாடிக் குறை நீங்கப்பெற்றமையோடு நின்றுவிடுவர். புல் செருக்கிய கைக்கு வந்த காசே தரங்குறையாத காசு என்பதனை எடுத்துக் காட்டுவார் சிலரே. ஆயினும் ஒன்று சொல்லாது விடுதல் தகாது. திருக்கோயில் வீதியிலே புல் செருக்குதல் திருத்தொண்டு. கோயிலை நடத்துபவருடைய வீட்டு முற்றத்திலே செருக்குதல் திருத்தொண்டன்று. அதற்குக் கூலி உண்டு.

இனி, அக்கூலி எதனால் அளக்கப்படும்? பரப்பினால் என்பர் பலர். ஓர் ஏக்கருக்கு 16 பரப்பு ஆதலால், பரப்புக்கு இவ்வளவென்று பேசுதல் எளிது. ஆனால் அறுகு படர்ந்த ஒரு பரப்பும், நெருஞ்சியுந் தொட்டாற்சுருங்கியும் மூடிய ஒரு பரப்பும் ஒன்றாகா. கோரை முளைத்த நிலமோ இரண்டினும் வேறு. கிழங்கு மண்ணுட் கிடத்தலால், மேலே எத்தனை முறை வெட்டினும் மீளத் தலைகாட்டும். உழவாரத்தாற் செருக்குபவன் குந்தியிருந்து வேரோடு எடுக்கின்றான். இயந்திரத்தால் வெட்டுபவன் நின்றபடியே மேற்புல்லைச் சீவிச் செல்கின்றான். முன்னவனுக்குப் பகல் முழுதுஞ் செல்லும் முற்றம் பின்னவனுக்குச் சில மணிநேரத்தில் முடியும். பின்னவன் வெட்டிய முற்றமோ விரைவிலே மீண்டும் பச்சையாகும். ஆகவே குறைந்த கூலி எப்போதும் மலிவென்று கொள்ளற்க. “இரண்டு மணிநேரத்துக்கு இவ்வளவா?” என்று வியப்பவர், பெற்றோலையும், அதனோடு கலக்கும் எண்ணெயையும், தேய்ந்து போகும் நைலோன் நூலையும், இயந்திரத்தின் வாடகையையும், கல் தெறித்துக் கண்ணிற் படும் அபாயத்தையுங் கூட்டிப் பார்த்திலர். மாடு வளர்ப்பவர் புல்லுக்காகவே செருக்க வருமிடத்துக் கூலிப் பேச்சு இல்லை; புல்லே கூலி. இயந்திரஞ் சிதைத்து மண்ணோடு வீசிய புல்லோ மாட்டுக்குப் பெரும்பாலும் உதவாது. அதனைக் கூட்டி அள்ளிக் குழியிலிடும் வேலையும் வெட்டியவன் தலையில் வந்து விழும். இவையெல்லாங் கொடுத்து, “நீ எவ்வளவு கேட்பாய்?” என்று முடியும் ஒரு கணக்கை ஏழாம் வகுப்பிலே கொடுத்துப் பார்க்கலாம். விடைகள் பலவாகும், வகுப்பிலே சத்தமும் எழும். அச்சத்தத்துக்கு ஆசிரியர் அஞ்ச வேண்டியதில்லை.

நிற்க. வேலைசெய்தவன் பெரும்பாலுஞ் சொல்லும் விடை, “நீங்கள் பார்த்துத் தாங்கோ” என்பதே. கேட்பதற்கு இது மிக்க பணிவுடைய சொல்லாய் இருக்கின்றது. வீட்டுக்காரரும் அதனை நல்லொழுக்கத்தின் அடையாளமாகக் கொண்டு மகிழ்வர். நாம் அவ்வாறு கொள்ளேம். நமது சமூகத்திலே குடிமைத்தொழில் செய்தோர் தம் வேலைக்குத் தாமே விலை சொல்லும் உரிமையுடையராய் இருந்திலர். விளைவுகாலத்து நெல்லாகவும், நன்மை தின்மைகளில் வேறு பொருளாகவும், கொடுத்ததை வாங்கிச் செல்வதே வழக்கமாயிற்று. விலை சொன்னவன் வாயாடி எனப்பட்டான். அடிமைமுறை 1844-ஆம் ஆண்டிலே சட்டத்தால் ஒழிந்தது. சாதிபற்றிப் பொதுவிடங்களில் ஒருவரைத் தடுத்தல் குற்றமெனச் சட்டம் 1957-ஆம் ஆண்டிலே வந்தது. ஆயினும், விலை சொல்லக் கூசும் நாவை எந்தச் சட்டந் திருத்தும்? “பார்த்துத் தாங்கோ” என்பதனுள்ளே அப்பழைய அச்சம் இன்னும் ஒளிந்திருக்கின்றது. அன்றியும், அச்சொல் கொடுப்பவரையுந் தொல்லைக்குள்ளாக்குகின்றது. அவர் குறைத்துக் கொடுத்தால் வாங்கியவன் வாய் திறவாது மனத்துள் வைவான். மிகுத்துக் கொடுத்தால் தாம் கூலி கொடுத்தாரா தருமஞ் செய்தாரா என்பது அவர்க்கே தெரியாது. தொகையை முன்னரே வாய்திறந்து சொல்லுதல் பணிவின்மையன்று. நம் மாணாக்கர்க்கு அதனை நாமே பழக்குதல் வேண்டும்.

மற்றொரு சாரார், “அயல்தானே, கொஞ்சங் குறைத்துக்கொள்” என்பர். அயலுறவு பெரிதே, இரவில் ஒருவருக்கு நோய் வந்தால் முதலில் ஓடி வருபவர் அயலவரேயன்றோ? ஆனால், அவ்வுறவுபற்றிக் குறைக்கும் உரிமை வேலைசெய்பவனுக்கு உண்டு. குறைக்கும்படி கேட்கும் உரிமை செய்விப்பவருக்கு இல்லை. அயல் என்பதனாற் கூலி குறையுமாயின், அதே அயல் என்பதனாற் கூலி கூடுதலும் வேண்டுமே! அதனை ஒருவருஞ் சொல்லக் கேட்டிலேம்.

நாம் பயின்ற மிஷன் பாடசாலையிலே, திராட்சைத் தோட்டத்து வேலையாட்களின் உவமை மனனமாயிருந்தது. காலையில் வந்தவனுக்கும் மாலையில் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த தலைவனது அருளையே உபதேசியார் விரித்துரைப்பர். அவ்வுவமையிலே காலையில் வந்தவரோடு கூலி முன்னரே பேசப்பட்டது என்பதும், பேசியதிற் சிறிதுங் குறைக்கப்படவில்லை என்பதும் நமது கருத்தைக் கவர்ந்தன. அவ்வுவமையின் ஒரு சொற்றொடரையே தலைப்பாக வைத்து ஜோன் இரஸ்கின் என்னும் ஆங்கிலப் புலவர் 1860-ஆம் ஆண்டிலே கட்டுரைகள் எழுதினார். காந்தியடிகள் அவற்றின் சாரத்தை 1908-ஆம் ஆண்டிலே ‘சர்வோதயம்’ எனக் குஜராத்தி மொழியில் வெளியிட்டார். வைத்தியரிடத்தில் ஒருவரும் பேரம் பேசுவதில்லை. வழக்கமான கட்டணத்தைக் கொடுத்து, நல்ல வைத்தியரைத் தெரிந்துகொள்கின்றனர். கூலியாளிடத்தில் மாத்திரம், குறைந்த தொகைக்கு வருபவன் எவன் என்று தேடுகின்றனர். இரஸ்கின் காட்டிய இவ்வேறுபாட்டுக்கு இன்றுந் தக்க சமாதானங் கூறுவாரைக் கண்டிலேம். ஊரிலே நிலவும் கூலியைக் கொடுத்து, நன்றாகச் செய்பவனை அழைத்தலே முறை.

இக்காலத்துக்கே உரிய ஐயம் ஒன்றுண்டு. ஊர்தோறும் உடையவர் கடல்கடந்து வாழப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் உள. மாரியிலே பற்றை மூடும், நுளம்பு பெருகும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார். உடையவர் கனடாவிலிருந்து தொலைபேசியில் அழைத்து, எவ்வளவாயினும் வெட்டுவி என்பார். ஓரிடத்து முற்றத்துக்கு ஒரு தொகையும், மதிலுக்கு அப்பாலுள்ள அதேயளவு முற்றத்துக்கு இருமடங்கும் கேட்டல் தகுமா? “அவருக்கு அது ஒரு காசா?” என்பது கேட்பவன் நியாயம். 13-ஆம் நூற்றாண்டிலே தோமஸ் அக்குவினாஸ் என்னும் கிறிஸ்தவ ஞானி இதனை ஆராய்ந்து, வாங்குபவனது தேவை வாங்குபவனுக்கே உரியது, தனக்குரியதல்லாததை ஒருவன் விற்றல் ஆகாது என்றார். வாங்குபவன் தானாக மகிழ்ந்து மிகுத்துக் கொடுத்தலைத் தடுத்திலர். நாம் அதனை ஒப்புகின்றோம். உடையவர் இல்லாமையால் வேலை உண்மையிற் கூடுமாயின், அதாவது பூட்டுத் திறத்தல், படம் எடுத்து அனுப்புதல், பல மாதத்துப் பற்றை களைதல் என்பவற்றுக்குக் கூலி கேட்கலாம். அவரது வங்கிக் கணக்குக்காகக் கேட்டல் ஆகாது.

தனித்து வாழும் முதியவள் ஒருத்தியின் முற்றம் வேறு. அங்கே கூலி வாங்காது விடலாம். வாங்காதுவிடின் அதனை வெளிப்படச் சொல்லிவிடுதல் நன்று. பாதிக்கூலி வாங்கிப் பாதிவேலை செய்தல் உதவியுமன்று, தொழிலுமன்று. அவள் தானாகத் தரும் ஒரு சீப்பு வாழைப்பழத்தை மறுத்தலும் அழகன்று.

பேசிய கூலி இடையிலே பொய்த்தால் யாது செய்வது? 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்திலே இலங்கையில் ஓர் இலீற்றர் பெற்றோல் 177 ரூபா. அவ்வாண்டு யூன் இறுதியில் 470 ரூபா. கலன்களிற் பெற்றோல் கொடாத காலமும் அதுவே. மாசியிலே பருவத்துக்கு இவ்வளவென்று பேசிய இளைஞன் ஆடியிலே அதே தொகைக்கு வெட்டினால் கைப்பொருள் இழப்பான். பேசியது பேசியதே என்று வீட்டுக்காரர் சொல்லலாம். அதில் வாய்மை உண்டு. ஆனால் இருவரும் பேசியபோது பெற்றோல் இன்ன விலை என்பதனையும் உள்ளத்திற் கொண்டே பேசினர். ஆகையால் அவன் வந்து கேட்கும்வரை காத்திராமல், ஏறிய பெற்றோற் செலவை வீட்டுக்காரரே எடுத்துப் பேசுதல் முறை. உழைப்புக்குரிய கூலியை அவன் உயர்த்திக் கேட்டல் முறையன்று. அது அடுத்த பருவத்துப் பேச்சுக்கு உரியது. இயந்திரத்தை விட்டு உழவாரத்தை எடுத்துக்கொண்டு வருகின்றேன் என்று அவன் சொல்வானாயின், அப்போது பேச்சை முதலிலிருந்து தொடங்கல் வேண்டும். நாளுங் கூடும், புல்லும் வேரோடு போம்.