வெளி விரிதலும் அளவை நெறியும்

தாம்பரத்தில் எம் இல்லத்திற்கு வந்துசெல்லும் கல்லூரி மாணவர் ஒருவர் அண்மையில் எம்மை இரண்டு வினாக்கள் வினாவினார். "ஐயா, வெளி விரிகின்றதாயின் நம் வீடும் உடம்பும் விரியாவோ? இவ்விரிவை ஆகமம் முன்னரே கூறிற்று என்று அவையிற் பேசினீர்களே, அஃது எவ்விடத்தே?" என்றார். பின்னதற்கு விடை காணாது நாணினேம். ஆதலின் இரண்டனையும் ஈண்டு ஆராய்வாம்.

சேய்மையிலுள்ள விண்மீன்கூட்டங்களின் ஒளிவரைகள் செந்நிறப்பக்கம் பெயர்ந்து காணப்படுகின்றன. சேய்மை மிக அப்பெயர்ச்சியும் மிகுமென 1929-இல் ஹப்பிள் காட்டினார். அதுகொண்டு வெளி விரிகின்றதெனக் கருதலளவையால் துணிவர். செம்பெயர்ச்சி ஒன்றே ஏதுவாதற்கு அமையுமோ எனின், அமையாது. அதற்குக் காரணம் மூன்றாகலின். ஒன்று இயக்கம், குரோம்பேட்டை நிலையத்தில் நில்லாது கடக்கும் விரைவுவண்டியின் ஊதல், அணுகுங்கால் உயர்ந்தும் அகலுங்கால் தாழ்ந்தும் ஒலித்தல் போல்வது. மற்றொன்று ஈர்ப்பு, பெரும்பொருளினின்று மேலெழும் ஒளி செம்மையுறும். பிறிதொன்று விரிவு, ஒளி வழிவருங்கால் வெளி இருமடங்காயின் ஒளியலையும் இருமடங்கு நீளும்.

பல காரணத்தாற் பிறக்கும் குறியைக்கொண்டு ஆராயாது ஒன்றைத் துணிதல் ஏதுப்போலியாம். கோடைக்கானல் வானாய்வு நிலையத்தில் 1923 வரை தலைவராயிருந்த எவர்ஷெட், ஐன்ஸ்டைன் கூறிய ஈர்ப்புப் பெயர்ச்சியை ஞாயிற்றொளியில் அளக்க முயன்றார். அஃது ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் இரண்டு கூறே. ஞாயிற்றின் மேற்பரப்பில் ஆவிகள் இயங்குதலும் பெயர்ச்சி விளைத்தலின், பிரித்தறிதல் அரிதாயிற்று. தொலைக்கூட்டங்களிலோ பெயர்ச்சி மிகப்பெரிது. எத்திசையிலும் சேய்மைக்கேற்ப மிகுவது. தனித்தனி இயக்கத்தாலாயின் அவ்வொழுங்கு அமையாது. ஆகலின் ஆண்டு விரிவே காரணமெனல் பொருந்தும்.

இனி முதல் வினா. விரிவென்பது பொருள்களைப் பற்றியிழுக்கும் விசையன்று. ஈர்ப்பாற் பிணிப்புண்ட ஞாயிற்றுக் குடும்பமும், மின்விசையாற் பிணிப்புண்ட கல்லும் உடம்பும் விரியா. 25 இலட்சம் ஒளியாண்டுச் சேய்மையிலுள்ள ஆண்டிரோமெடா நம்மை அணுகுவதும் ஈர்ப்பினாலேயாம். விரிவை ஈர்ப்புத் தளர்த்துமென்றே அறிஞர் எண்ணியிருந்தனர். 1998-இல் அது விரைவுறுதல் கண்டனர். அவ்விரைவின் காரணம் இன்னும் விளங்கிற்றிலது.

இரண்டாம் வினாவிற்கு விடை வருமாறு: நம் நூல்கள் கூறும் ஆகாயம் மாயையின் காரியமாகிய பூதம், ஒலியைக் குணமாகவுடையது. இவர் கூறும் வெளியோ அளந்தறியப்படும் இடைவெளி. பெயரொற்றுமை பொருளொற்றுமையாகாது. காட்சியும் கருதலும் செல்லுமிடத்தில் உரையளவையை வலிந்து புகுத்துதல் நூலுக்குப் பெருமையன்று. இன்று பொருந்திய கொள்கை நாளை மாறின் இழுக்கு நூலின்மேல் ஏறும். மாயாகாரியம் தோன்றி ஒடுங்கும் என்பதே நூற்றுணிபு. எத்துணை விரைவில் என்பது அதன் கருத்தன்று.

அவையில் யாம் கூறியது பிழையே. அதனை அம்மாணவரிடம் ஒப்புக்கொண்டேம். அன்று கேட்டிருந்த அன்பர்களிடத்தும் ஈண்டு ஒப்புக்கொள்கின்றேம்.