கூலியும் கொடையும்: உல்லாசக் கப்பலில் டிப்ஸ்

உல்லாசக் கப்பலில் டிப்ஸ் என்பது இன்று பெரும்பாலும் கைக்குக் கை மாறும் பணம் அல்ல. அமெரிக்கப் பயணிகளை நம்பி நடக்கும் பெரிய நிறுவனங்கள், ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை ‘கிராஜுவிட்டி’ என்ற பெயரில் பயணியின் கணக்கில் தாமே ஏற்றிவிடுகின்றன. நான்கு பேர் கொண்ட குடும்பம் ஏழு நாள் போய்வந்தால், நாளுக்கு 16 டாலர் என்று வைத்தாலும் 448 டாலர் ஆகிறது. அறையைச் சுத்தம் செய்யும் ஸ்டீவர்டு, சாப்பாட்டுக் கூடத்து வெயிட்டர், அவருடைய உதவியாளர், பயணியின் கண்ணிலேயே படாத வேறு சிலர் என அந்தப் பணம் பங்கு பிரிகிறது. ஆனால் பல கப்பல்களில், பயணி வரவேற்பு மேசைக்குப் போய் வேண்டாம் என்று சொன்னால் அந்தத் தொகையைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

அறக்கேள்வி பிறப்பது இந்த இடத்தில்தான். வேண்டாம் என்று சொல்ல முடிகிறது என்பதால் அந்தப் பணம் கொடை போலத் தெரிகிறது. ஊழியரின் மாத வருமானத்தில் அது முன்கூட்டியே சேர்த்துக் கணக்கிடப்பட்டிருக்கிறது என்பதால் அது கூலி. கொடை கொடுக்காதவரைக் கருமி என்று சொல்லலாம், அதற்கு மேல் குற்றம் சொல்ல முடியாது. கூலி கொடுக்காதவர் செய்வது அநீதி. இந்த இரண்டில் டிப்ஸ் எந்தப் பக்கம் சேரும்?

சமய மரபுகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதில்லை. விவிலியத்தின் லேவியராகமமும் உபாகமமும் அன்றாடங்காய்ச்சியின் கூலியை இரவு தாண்டி வைத்திருக்கக் கூடாது என்கின்றன. உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் நபிமொழியின் கருத்தும் அதுவே. கொடுப்பவரின் மனநிலை பற்றி இரண்டுமே பேசவில்லை, ஏனென்றால் கடனைத் தீர்க்க அன்பு தேவையில்லை. கொடை என்று வந்துவிட்டால் பேச்சு முழுவதும் மனத்தைப் பற்றியதாகிவிடுகிறது. தருமம் செய்துவிட்டுச் சொல்லிக்காட்டி நோகடித்தால் அந்தத் தருமமே பாழ் என்கிறது திருக்குர்ஆன். பகவத் கீதையின் 17ஆம் அத்தியாயம் தானத்தை மூன்றாகப் பிரித்து, கைம்மாறு கருதிக் கொடுப்பதை இரண்டாம் தரத்திலும், மதிப்பின்றி எறிவதைக் கடைசியிலும் வைக்கிறது. இல்லாதவருக்குக் கொடுப்பதே ஈகை, மற்றதெல்லாம் திரும்பி வரும் என்ற கணக்கில் கொடுப்பது என்று வரையறுத்துத்தான் திருக்குறளின் ஈகை அதிகாரம் தொடங்குகிறது. நல்ல கவனிப்புக்காகப் பயணத்தின் முதல் நாளே ஸ்டீவர்டின் கையில் நோட்டை வைக்கும் பழக்கம் இந்த அளவுகோலில் கொடை ஆகாது. அது முன்பணம்.

இன்னும் நுட்பமான பிரிவு பௌத்தத்தில் இருக்கிறது. சிகாலோவாத சுத்தம் என்ற உரை, எசமானன் வேலையாளுக்குச் செய்யவேண்டியவை ஐந்து என்கிறது: வலுவுக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயில் பராமரிப்பு, அரிய தின்பண்டங்களில் பங்கு, உரிய நேரத்தில் ஓய்வு. கூலி ஓரிடத்திலும் அன்போடு பகிர்வது வேறோரிடத்திலும் நிற்கின்றன. இரண்டுமே வேண்டும், ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. டிப்ஸ் பற்றிய விவாதங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இதுதான்.

கூலியின் இடத்தைக் கொடை பிடித்துக்கொண்டதற்கு வரலாறு உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு, புல்மன் நிறுவனம் தன் ரயில் தூங்கும் பெட்டிகளில் கறுப்பின ஆண்களைப் பணியாளர்களாக அமர்த்தியது. படுக்கை விரித்து, காலணி துடைத்து, இரவெல்லாம் விழித்திருந்த அவர்களுக்குச் சம்பளம் மிகக் குறைவு. மீதியைப் பயணிகளின் கை பார்த்துத் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. சொந்தப் பெயர் எதுவாக இருந்தாலும் பயணிகள் பலர் அவர்களை ‘ஜார்ஜ்’ என்றே அழைத்தனர். ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் 1925இல் தொடங்கிய அவர்களது சங்கம் 1937இல்தான் நிறுவனத்தோடு ஒப்பந்தம் காண முடிந்தது. ஒருவரின் பிழைப்பு இன்னொருவரின் மனநிலையை நம்பி நின்றால், புன்னகையும் பணிவும்கூட விற்பனைக்கு வந்துவிடும் என்பதற்கு அந்தத் தொழிலாளர்களின் வாழ்க்கை வலுவான சான்று.

கப்பல் ஊழியரின் நிலை அதிலிருந்து மிகவும் விலகியதல்ல. பயணிகள் ஏறுவது மயாமியிலாக இருக்கலாம். கப்பலின் கொடி பெரும்பாலும் பகாமாஸ், பனாமா போன்ற வேறொரு நாட்டினுடையது. அயல்கொடிக் கப்பலில் வேலை செய்பவரை அமெரிக்காவின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் காப்பதில்லை. 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி ஒரு நாடு வேலை நேரத்துக்கு உச்சவரம்பு வைத்தால், அது 24 மணி நேரத்தில் 14 மணி நேரம், வாரத்தில் 72 மணி நேரம். ஓய்வைக் கணக்கிட்டு வரம்பு வைக்கும் நாடுகளில் வேலை நேரம் இதைவிடக் கூடலாம். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வரும் ஊழியர்கள் ஆறேழு மாதம், சில சமயம் ஒன்பது மாதம் வீட்டைப் பிரிந்து இந்த வேலையைச் செய்கிறார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். சம்பளம் கொடுப்பது முதலாளியின் கடமை, பயணி எதற்கு அதைச் சுமக்க வேண்டும்? கேள்வி நியாயமானது. விலையில் சேர்க்க வேண்டியதைத் தனியே பிரித்து, டிக்கெட் விலையைக் குறைவாகக் காட்டும் ஏற்பாடு நேர்மையானதல்ல. ஆனால் அந்த ஏற்பாட்டை எதிர்ப்பதாகச் சொல்லிப் பயணி தன் தொகையை நீக்கிக்கொண்டால், இழப்பு நிறுவனத்துக்கு அல்ல, கீழ்த்தளத்தில் படுத்திருக்கும் ஊழியருக்கு. குறைந்த டிக்கெட் விலையை அனுபவித்துவிட்டு, அந்த விலை குறைய உழைத்தவரின் பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்வது கொள்கை ஆகாது. ஆகவே அந்த நாள்கட்டணம் பெயரளவில் டிப்ஸ், தன்மையில் கூலி. எதிர்ப்பைச் சொல்ல நிறுவனத்துக்கு எழுதலாம், கட்டணத்திலேயே எல்லாம் அடங்கிய கப்பலைத் தேர்ந்தெடுக்கலாம். பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூசஸ் 2019இல் தனி நாள்கட்டணத்தைக் கைவிட்டது. உயர்விலைக் கப்பல்கள் பலவற்றில் நெடுங்காலமாகவே அது கிடையாது.

மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் 1797இல் வெளியிட்ட அறநெறி நூலில் இதைவிடக் கடினமான ஒன்றைக் கேட்டார்: அநீதியான அமைப்பால் செல்வம் சேர்ந்தவர் ஏழைக்குச் செய்யும் உதவியை ஈகை என்று சொல்லத் தகுமா? நாணய மதிப்பின் ஏற்றத்தாழ்வால்தான் ஒரு மணிலாக்காரர் ஒரு டெக்சாஸ்காரரின் படுக்கையை விரிக்கிறார். அந்த ஏற்றத்தாழ்வைப் பயணி உண்டாக்கவில்லை, ஆனால் அதன் பலனை அனுபவிக்கிறார். கொடுப்பவர் பெருமை கொள்ள இடமில்லை என்ற அளவுக்கேனும் காண்டின் கேள்வி செல்லும். வாங்குபவர் கூசாதபடி, ஏற்றுக்கொண்டதற்குத் தாமே கடன்பட்டவர் போலக் கொடுக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார்.

கூலி தீர்ந்த பிறகு கொடைக்கு இடம் திறக்கிறது. தானியங்கி வசூல் வருமுன், கடைசி இரவில் பயணிகள் உறையில் பணம் வைத்து ஸ்டீவர்டிடமும் வெயிட்டரிடமும் நேரில் கொடுத்தார்கள். அதில் முகம் பார்த்துச் சொல்லும் நன்றி இருந்தது. சிலர் அந்த இரவில் சாப்பாட்டுக் கூடத்துக்கே வராமல் ஒளிந்ததும் உண்டு. இப்போதும் காய்ச்சலில் கிடந்த குழந்தைக்கு நள்ளிரவில் கஞ்சி கொண்டுவந்தவருக்கு ஓர் உறை கொடுத்தால், எந்தக் கணக்கிலும் வராத அந்தப் பணம் உண்மையான கொடை. கூடவே அவர் பெயரைச் சொல்லி மேலதிகாரிக்கு எழுதும் நான்கு வரி, அடுத்த ஒப்பந்தத்தின்போது அவருக்குக் கைகொடுக்கக்கூடும்.

கரையில் சந்திக்கும் வழிகாட்டியின் நிலை வேறு. துருக்கியின் குஷாதசித் துறைமுகத்தில் இறங்கி எபேசஸ் இடிபாடுகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு உரிமம் பெற்ற வழிகாட்டி வருகிறார். அவர் விற்பது படிப்பு, பணிவிடை அல்ல. செல்சஸ் நூலகத்தின் முகப்பையும் இருபத்தையாயிரம் பேர் அமரக்கூடிய அரங்கையும் விளக்குபவர் அந்தச் சில மணி நேரத்துக்கு ஆசிரியர். அவருக்குக் கொடுப்பது பழைய குருதட்சிணையை ஒத்தது. ஆனால் சுற்றுலாக் கட்டணத்தில் கப்பல் நிறுவனமும் இடைத்தரகரும் எடுத்தது போக மீதிதான் தரைக்கு வருகிறது என்பதால், இதிலும் கூலியின் சாயல் முழுதாக மறைவதில்லை. பேருந்துப் படியில் நிற்கும் வழிகாட்டியிடம் பணம் கொடுத்து இறங்குபவர்கள், கூட வந்த ஓட்டுநரை மறந்துவிடுகிறார்கள். அவருக்கும் தனியே ஒரு பங்கு உண்டு.