மெரிடன் பட்டறை யாருக்குச் சொந்தம்?

ஒரு தொழிற்சாலை இனி லாபம் தராது என்று உரிமையாளர் அதை மூட முடிவெடுத்தால், அங்கே இருபது முப்பது ஆண்டு உழைத்தவர்களுக்குச் சம்பள பாக்கியும் இழப்பீடும் போக வேறு உரிமை ஏதும் உண்டா? சட்டம் ‘இல்லை’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடும். அறவியல் அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரை அடுத்த மெரிடனில், ட்ரையம்ப் மோட்டார் சைக்கிள் தொழிலாளர்கள் 1973 முதல் 1983 வரை நடத்திய போராட்டமும் கூட்டுறவும் இந்தக் கேள்வியை ஏட்டிலிருந்து எடுத்துப் பட்டறைக்குள் வைத்தன. தொடக்கத்திலும் மந்தநிலை, முடிவிலும் மந்தநிலை என்று அமைந்த பத்தாண்டு அது.

கோவென்ட்ரியில் இருந்த ட்ரையம்ப் ஆலை 1940 நவம்பரில் ஜெர்மானிய விமானங்களின் குண்டுவீச்சில் அழிந்தது. 1942இல் மெரிடனில் புது ஆலை எழுந்தது. போருக்குப் பின் அதன் பெரிய சந்தை அமெரிக்கா. 1959இல் வெளிவந்த ‘போனவில்’ அங்கே மோகப்பொருளாகவே ஆனது. 1951 முதல் ட்ரையம்ப் பி.எஸ்.ஏ. குழுமத்தின் கையில் இருந்தது. லாபம் வந்த ஆண்டுகளில் புதிய எந்திரங்களுக்கும் புதிய வடிவமைப்புக்கும் போதிய பணம் போடப்படவில்லை. 1969இல் ஹோண்டாவின் நான்கு சிலிண்டர் சிபி750 வந்தபோது, 1937இல் எட்வர்ட் டர்னர் வகுத்த இரட்டைச் சிலிண்டர் அமைப்பின் வழித்தோன்றலையே மெரிடன் இன்னும் செய்துகொண்டிருந்தது. பி.எஸ்.ஏ. சரிந்தது. அரசின் உதவியோடு 1973இல் நார்ட்டன் வில்லியர்ஸ் ட்ரையம்ப் என்ற புது நிறுவனம் உருவானது. அதன் தலைவர் டென்னிஸ் பூர் அந்த ஆண்டு செப்டம்பரில் மெரிடனை மூடப்போவதாக அறிவித்தார். வேலை இழக்கவிருந்தவர்கள் சுமார் 1750 பேர்.

தொழிலாளர்கள் வாயிலை மறித்தார்கள். செய்து முடித்த வண்டிகள், வரைபடங்கள், அச்சுகள் எதுவும் வெளியே போகவில்லை. இந்த மறியல் ஒன்றரை ஆண்டு நீடித்தது. இடையில் ஆட்சி மாறியது. தொழில்துறை அமைச்சரான டோனி பென் தொழிலாளர்களின் பக்கம் நின்றார். 1975 மார்ச்சில் 42 லட்சம் பவுண்டு அரசுக் கடனோடும் 7.5 லட்சம் பவுண்டு மானியத்தோடும் மெரிடன் கூட்டுறவு பிறந்தது. பங்குகள் தனி ஆட்களின் பெயரில் இல்லை; எல்லாத் தொழிலாளர்களின் சார்பிலும் அறங்காவலர்கள் அவற்றை வைத்திருந்தார்கள்.

மறியலுக்குப் பின்னால் இருந்த வாதம் பழையது. உழைப்பு எதனோடு கலக்கிறதோ அது உழைத்தவருடையதாகிறது என்று 1689இல் எழுதியவர் ஜான் லாக். சொத்துரிமைக்கு அரண் கட்ட எழுந்த இந்த வாதம், சொத்துள்ளவர்களுக்கு எதிராகவே பிற்காலத்தில் திரும்பியதில் வியப்பில்லை. ‘உழுபவருக்கே நிலம்’ என்ற முழக்கத்தின் வேரும் இதை ஒட்டியதுதான். ஆனால் லாக் அதே அத்தியாயத்தில் தன் வேலையாள் வெட்டிய புல்மண்ணையும் தன்னுடையது என்றே கணக்கு வைக்கிறார். கூலி வாங்கிய கணத்தில் உழைப்பு கைமாறிவிட்டது என்பது அவர் நிலை. மெரிடன் தொழிலாளி மறுத்தது இதைத்தான். வாரக்கூலி அந்த வாரத்து வேலைக்கான விலை என்பதை அவர் ஒப்புக்கொள்வார். இருபது ஆண்டில் அந்த இடத்தில் சேர்ந்த கைத்திறன், பழுது எங்கே என்று ஒலியைக் கேட்டே சொல்லும் காது, ஒருவர் வேலையை இன்னொருவர் அறிந்து நடக்கும் ஒழுங்கு ஆகியவற்றுக்கு எந்த வாரத்திலும் யாரும் தனியே விலை தரவில்லை. அவை கூலிக் கணக்கில் ஏறாதவை. ஆலையின் மதிப்பிலோ ஏறியவை. இந்த வாதத்துக்கு வலு உண்டு. ஆனால் அது உரிமையில் ஒரு பங்கைத்தான் நிறுவும். முழுச் சொத்தையும் நிறுவாது.

முழு ஆலைக்கு வேறு வாதம் வேண்டும். அதை ஜான் ஸ்டூவர்ட் மில் தருகிறார். 1848இல் முதலில் வெளிவந்து அடுத்தடுத்த பதிப்புகளில் திருத்தப்பட்ட அவரது பொருளாதார நூல், மூலதனத்தைக் கூட்டாக வைத்திருந்து, மேலாளர்களைத் தாமே தேர்ந்தெடுத்து, சமமாக இணையும் தொழிலாளர் சங்கங்களே வருங்காலத்தில் ஓங்கும் என்று எதிர்பார்த்தது. மில் உடைமையிலிருந்து தொடங்கவில்லை. ஆணையிடுவோர், அடங்குவோர் என்ற பிரிவு மனிதரைச் சிறுமைப்படுத்துகிறது என்பதே அவர் கவலை. ஆனால் அத்தகைய சங்கங்கள் ஒன்றோடொன்று போட்டியிட வேண்டும் என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். மெரிடனைப் போற்றியவர்களில் பலர் மில்லின் இந்தப் பாதியை வசதியாக மறந்தார்கள்.

அந்தப் பாதியை நினைவூட்டியவர்கள் முதலாளிகள் இல்லை, வேறு தொழிலாளர்கள். பூரின் திட்டம் மெரிடனை மூடி, பர்மிங்காமின் ஸ்மால் ஹீத் ஆலையையும் வுல்வர்ஹாம்ப்டன் ஆலையையும் காப்பாற்றுவது. மூன்றுக்கும் போதிய வேலை இல்லை. ஆகவே மெரிடன் கூட்டுறவை ஸ்மால் ஹீத் தொழிலாளர்கள் வெளிப்படையாக எதிர்த்தார்கள். 1975 கோடையில் பென்னுக்குப் பின் வந்த அமைச்சர் எரிக் வார்லி மேற்கொண்டு பணம் தர மறுத்தார். பூரின் நிறுவனம் சரிந்தது, மற்ற இரு ஆலைகளும் அதோடு போயின. அதற்கு மெரிடன் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் உழைப்பின் பெயரால் எழுப்பிய உரிமை, அதே உழைப்பைச் செய்த இன்னொரு கூட்டத்தின்மேல் சுமையாக இறங்கியது. இடத்தோடு பிணைந்த உரிமை எதற்கும் இந்தக் குறை உண்டு. உள்ளே இருப்பவருக்கு நியாயமாகப் படுவது வெளியே நிற்பவருக்குச் சலுகையாகப் படும். மெரிடன் பற்றிய எழுத்துகளில் ஸ்மால் ஹீத்துக்கு ஒரு பத்திக்கு மேல் கிடைப்பது அரிது.

கூட்டுறவுக்குள் இதைவிட நெருடலான கேள்வி கூலியைப் பற்றியது. தொடக்கத்தில் லேத்தில் நின்றவருக்கும் தரை பெருக்கியவருக்கும் ஒரே சம்பளம், வாரம் 50 பவுண்டு. சம கூலிக்கு ஆங்கில மரபில் பெயர்பெற்ற துணை ஜான் ரஸ்கின் 1860இல் எழுதிய கட்டுரைகள். திராட்சைத் தோட்டத்தில் கடைசி ஒரு மணிநேரம் மட்டும் உழைத்தவனுக்கும் முழுநாள் கூலி கொடுத்த எசமானைப் பற்றிய விவிலியக் கதையிலிருந்து தலைப்பெடுத்த கட்டுரைகள் அவை. 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலில் போகும்போது நூலாக வந்த அந்தக் கட்டுரைகளைப் படித்த காந்தி, அடுத்து டர்பனுக்கு அருகே ஃபீனிக்ஸ் பண்ணையைத் தொடங்கினார். ‘இந்தியன் ஒப்பீனியன்’ அச்சகத்தில் வேலைசெய்யும் எவருக்கும், நிறமோ நாடோ பாராமல், மாதம் 3 பவுண்டு என்று வகுத்தார்.

ஆனால் ரஸ்கின் சொன்னதைக் கூர்ந்து படித்தால் மெரிடனுக்கு அது முழுத் துணை ஆகாது. ஒரு தொழிலுக்கு ஒரே கூலி என்பது அவர் கோரிக்கை. நல்ல கைவினைஞருக்கு வேலை கிடைக்கட்டும், மோசமானவருக்குக் கிடைக்காமல் போகட்டும் என்பது அதன் மறுபக்கம். மெரிடனில் எல்லாத் தொழிலுக்கும் ஒரே கூலி, எல்லோருக்கும் வேலை. இது ரஸ்கினைத் தாண்டி, காந்தியின் பண்ணைக்கு நெருங்கிய ஏற்பாடு. பண்ணையில் இருந்தவர்கள் தேவைகளைக் குறைத்துக்கொண்டு வாழ வந்தவர்கள். மெரிடனில் இருந்தவர்களுக்கோ வீட்டுக் கடன் இருந்தது, பக்கத்திலேயே கூடுதல் சம்பளம் தரும் கார் ஆலைகள் இருந்தன. தேர்ந்த கையுள்ளவர் இங்கே தங்குவதற்குத் தன் பையிலிருந்து ஒவ்வொரு வாரமும் விலை கொடுத்தார். கணக்கும் விற்பனையும் அறிந்தவர்களை வெளியிலிருந்து அந்தச் சம்பளத்துக்கு அழைக்க முடியவில்லை. நாளடைவில் சம கூலி கைவிடப்பட்டது. சமத்துவம் மனித இயல்புக்கு ஒவ்வாது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது அவசரம். ஒரு மதிலுக்குள் மட்டும் நிலவும் சமத்துவம், மதிலுக்கு வெளியே உள்ள விலைகளோடு தினமும் மோத வேண்டியிருக்கும் என்பதே இதில் தெரிவது.

பட்டறை கைக்கு வந்தபோது வராமல் போனவை பல. முதல் இரண்டு ஆண்டுகள் வண்டியைச் செய்வது மட்டுமே கூட்டுறவின் வேலை. விற்கும் உரிமை, சரிந்த பின்னும், பூரின் நிறுவனத்திடமே இருந்தது. 1977இல்தான் அரசும் ஜி.இ.சி. நிறுவனமும் தந்த பண உதவியோடு அதை வாங்க முடிந்தது. அமெரிக்க விதி கியர் மிதியை இடப்பக்கம் கேட்டது. மறியலின்போது உள்ளே தேங்கிய வண்டிகளிலோ அது வலப்பக்கம் இருந்தது. புதிய என்ஜினுக்கு முதலீடு இல்லை. கோவென்ட்ரியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஜெஃப்ரி ராபின்சன் சம்பளம் வாங்காமல் நிர்வாகத்தை நடத்திக் கொடுத்தார். மின் ஸ்டார்ட்டர் 1980இல்தான் வந்தது. இவ்வளவு முடையிலும் தொழிலாளர் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் 700ஐ எட்டியது. போனவில் தொடர்ந்து கப்பலேறியது.

பிறகு மந்தநிலை. 1979 நவம்பரில் பிரிட்டனின் அடிப்படை வட்டி 17 சதவீதத்துக்குப் போனது. 1976இல் 1.60 டாலருக்கும் கீழே விழுந்திருந்த பவுண்டு 1980இல் 2.40 டாலர்வரை ஏறியது. ஏற்றுமதியை நம்பிய ஆலைக்கு இதன் பொருள் மிக எளிது: பட்டறையில் ஒரு பைசாகூடச் செலவு கூடாமலே, அமெரிக்கக் கடையில் வண்டியின் விலை ஏறக்குறைய பாதி மடங்கு கூடிவிடுகிறது. அதே நேரத்தில் அமெரிக்காவிலும் மந்தநிலை; ஹோண்டாவும் யமஹாவும் ஒன்றையொன்று முந்தும் வெறியில் அந்தச் சந்தையில் வண்டிகளைக் குவித்துக்கொண்டிருந்தன. 1980 அக்டோபரில் மார்கரெட் தாட்சரின் அரசே, வட்டியும் முதலுமாகச் சேர்ந்திருந்த 84 லட்சம் பவுண்டைத் தள்ளுபடி செய்தது. ஏற்றுமதிக் கடன் துறைக்குத் தரவேண்டிய சுமார் 20 லட்சம் பவுண்டு மட்டும் நின்றது. 1982 தொடக்கத்தில் நாட்டில் வேலையில்லாதோர் 30 லட்சத்தைத் தாண்டினார்கள். 1983 ஆகஸ்டில் கூட்டுறவு கலைக்கப்பட்டது.

இந்த முடிவை ஒரு தீர்ப்பாகப் படிப்பவர்கள் உண்டு: தொழிலாளர் நடத்தினார்கள், ஆகவே தோற்றது. அதற்கு மறுப்புத் தேட ஊரைத் தாண்ட வேண்டியதில்லை. கோவென்ட்ரியிலேயே கார் செய்த கிரைஸ்லரின் பிரிட்டிஷ் கிளைக்கு 1975 டிசம்பரில், மெரிடனுக்குக் கடன் தந்த அதே அரசு 16 கோடி பவுண்டுக்கு மேல் உதவி தர ஒப்புக்கொண்டது. மூன்றே ஆண்டில் அந்த அமெரிக்க நிறுவனம் கிளையைப் பிரெஞ்சு நிறுவனத்துக்கு விற்றுவிட்டுப் போனது. அதை வைத்து ‘முதலாளி நடத்தினார், ஆகவே தோற்றது’ என்று யாரும் எழுதவில்லை. நாணய மதிப்பும் வட்டியும் ஆலையின் நிர்வாக முறையைப் பார்த்து ஏறி இறங்குபவை அல்ல. சந்தையில் நிலைக்காதது நியாயமற்றது என்று சொல்ல, நிலைப்பதெல்லாம் நியாயம் என்று முதலில் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

இதைவிடக் கடினமான எதிர்வாதம் தத்துவவாதி ராபர்ட் நோசிக்குடையது. மறியல் நடந்துகொண்டிருந்த 1974இல் வெளிவந்த நூலில் அவர் கேட்டது இது: தொழிலாளர் நடத்தும் ஆலை அவ்வளவு நல்லதென்றால், நிதி வளமுள்ள தொழிற்சங்கங்கள் தம் பணத்திலேயே அதைத் தொடங்கலாமே, ஏன் தொடங்குவதில்லை? கேள்வி குத்தலானது, பதில் இல்லாதது அல்ல. ஸ்பெயினின் பாஸ்க் நாட்டில் அரிஸ்மெந்தியார்ரியெத்தா என்ற பாதிரியாரின் தூண்டுதலில் 1956இல் தொடங்கிய மோன்ட்ராகோன் கூட்டுறவுகள் அப்படித்தான் நடந்தன. சேரும் ஒவ்வொருவரும் கைப்பணம் போட வேண்டும். லாபமும் நட்டமும் அவரவர் கணக்கில் எழுதப்படும். மேல் சம்பளம் அடிச் சம்பளத்தைப்போல் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது என்பது தொடக்ககால விதி. எண்பதுகளின் மந்தநிலையில் அங்கே சம்பளத்தைத் தாமே வெட்டிக்கொண்டார்கள். வேலை குறைந்த கூட்டுறவிலிருந்து வேலை உள்ள கூட்டுறவுக்கு ஆட்களை மாற்றினார்கள். அது சமத்துவம் குறைந்த ஏற்பாடு. ஆனால் நட்டம் வந்தால் யார் எவ்வளவு தாங்குவது என்று முன்கூட்டியே பேசிவைத்த ஏற்பாடு. மெரிடனில் அந்தப் பேச்சு எழவில்லை. பங்குகள் எல்லோருக்குமாக இருந்ததால் யாருடைய கணக்கிலும் நட்டம் எழுத இடமில்லை. அரசின் கடன் ஏடு ஒன்றுதான் அதற்கு வாகாக இருந்தது. குறைந்த கூலியில் எட்டு ஆண்டு உழைத்ததும், அதற்கு முன் மழையிலும் பனியிலும் வாயிலில் நின்றதும் முதலீடு இல்லையா என்று கேட்டால், முதலீடுதான். ஆனால் அதை எந்தப் பத்திரமும் பதிவு செய்யவில்லை. 1981 செப்டம்பரில் போப் இரண்டாம் ஜான் பால் உழைப்பைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடல், மூலதனத்துக்கு முந்தியது உழைப்பே என்று அறுதியிட்டது. அறக் கோட்பாடாக அதற்கு நல்ல வலு உண்டு. கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நிற்கும் நாளில் அந்த முந்துரிமையை எப்படி எழுதிக் காட்டுவது என்பது அதில் இல்லை.

கலைப்பில் இந்தக் குறை தெளிவாக வெளிப்பட்டது. எந்திரங்கள் பழையவை. நிலத்துக்கு விலை இருந்தது. அங்கே பின்னர் வீடுகள் எழுந்தன. மிஞ்சிய பெரிய சொத்து பெயர். ட்ரையம்ப் என்ற பெயரையும் உரிமைகளையும் வீடு கட்டும் தொழிலில் பணம் சேர்த்த ஜான் ப்ளூர் வாங்கினார். லாக்கின் அளவுகோலில் வைத்தால், 1973இல் மூடப்படவிருந்த அந்தப் பெயரைப் பத்தாண்டு உயிரோடு வைத்திருந்தவர்கள் மெரிடன்காரர்கள். அவர்கள் உழைப்பு கலந்திருந்தது அதில்தான். சட்டப்படி அது கலைப்பு அதிகாரி விற்கும் ஓர் இனம். ப்ளூர் வெளிப் பங்குதாரர் எவரையும் சேர்க்காமல், பல ஆண்டுகள் தன் பணத்தைப் போட்டு ஹிங்க்லியில் புது ஆலை கட்டி, 1991 முதல் முற்றிலும் புதிய வண்டிகளை விற்கத் தொடங்கினார். நட்டத்தை யார் தாங்குவது என்ற கேள்விக்கு அவரிடம் தெளிவான பதில் இருந்தது: அவர் ஒருவரே. பெயர் அதற்குப் பின்னும் பயணப்பட்டது. தாய்லாந்தில் ஆலை எழுந்தது. இந்தியாவில் பஜாஜ் நிறுவனம் 2023 முதல் 400 சிசி ட்ரையம்ப் வண்டிகளைச் செய்கிறது. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் மறைந்த ராயல் என்ஃபீல்டு சென்னைத் திருவொற்றியூரில் தொடர்ந்தபோது, 1955 முதலே அங்கே வண்டி பூட்டிப் பழகிய கைகள் இருந்தன. பெயரோடு உழைப்பின் தொடர்ச்சியும் இருந்தது. ஹிங்க்லியில் அந்தத் தொடர்ச்சி அறுந்து, பெயர் மட்டும் வந்தது. உழைத்தவருக்கு ஆலையின்மேல் உரிமை உண்டா என்று பேசிய தத்துவவாதிகளில், உழைப்பால் நிலைத்த பெயரின்மேல் உரிமை உண்டா என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. மெரிடன் விட்டுச்சென்ற கேள்விகளில் இன்னும் வாதிக்கப்படாமல் கிடப்பது அது.