வாயிற்படியில் ஓர் அமானிதம்

நாய் என்னும் சொல் நம் தமிழில் வசைக்கும் உதவுகிறது, நன்றிக்கும் உவமையாகிறது. ஒருவனை இழித்துரைக்க அச்சொல்லை எடுப்போரே, நன்றி மறந்தவனைக் கண்டிக்கும்போது அதே நாயை அவனுக்கு மேலாக வைத்துப் பேசுவர். பழகிய பாகனையே கொல்லும் யானை போன்றோரை விட்டு விலகி, தன்மேல் வேல் தைத்த நிலையிலும் வாலாட்டும் நாய் போன்றோரின் நட்பைக் கொள்ளுமாறு நாலடியார் நமக்கு அறிவுரை கூறுகிறது. நம் இல்லங்களிலோ நாய் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது நஜீஸ் பற்றிய சட்டமே. பாத்திரத்தில் அதன் வாய் பட்டால் எத்தனை முறை கழுவ வேண்டும் என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லும். அந்த உயிருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை என்ன என்று கேட்டால் பெரியவர்களும் தயங்குவர்.

இந்நிலையில் நாயின் துணையால் ஒரு மனிதனின் உள்ளம் ஆறுதல் பெறுமானால், நோயுற்ற உடலும் தெம்பு பெறுமானால், அந்த உறவை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? இது ஏட்டளவில் நிற்கும் கேள்வியன்று. நீலகிரி மலையில் வாழ்வோர்க்கு இது அன்றாடக் கேள்வியாகும்.

குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில், பொழுது சாய்ந்தபின் வெளியே செல்வது எளிதன்று. சிறுத்தையும் கரடியும் காட்டெருமையும் தோட்டத்துப் பாதைகளில் தாராளமாக நடமாடுகின்றன. மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் நிற்பது புதரா விலங்கா என்று மனிதக் கண்ணுக்குத் தெரியாது. 1964இன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பயனாக இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மக்களும், அவர்களுக்கு முன்பே இம்மலையில் கொழுந்து பறிக்க வந்தவர்களும் வாழும் லைன் வீடுகளில் நாய் ஓர் ஆடம்பரப் பொருளன்று. பனிக்குள் வருவது எதுவென்று மோப்பத்தால் அறிந்து முதலில் குரல் கொடுப்பது அதுவே.

அத்தகைய தோட்டமொன்றில் இரவுக் காவல் பார்த்து வந்த முதியவர் ஒருவர் நம்மிடம் ஒரு சந்தேகம் கேட்டதுண்டு. அவருடைய மனைவி மவுத்தாகிவிட்டார். பிள்ளைகள் பிழைப்புக்காகச் சமவெளிக்கு இறங்கிவிட்டனர். எஞ்சியது ஒரு நாட்டு நாய். “ஹஜரத், அது படியோரம் படுத்திருக்கிறது என்று தெரிந்தால்தான் எனக்குக் கண் மூடுகிறது. மலக்குகள் வரமாட்டார்கள் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். இது பாவமாகிவிடுமா?” என்று அவர் கேட்டார். அவருக்கு நாம் கூறிய விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹபில் நாய் முழுவதும் நஜீஸ். அதன் ஈரம் பட்டதை ஏழு முறை, அவற்றில் ஒருமுறை மண் கலந்து கழுவ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அதன் எச்சில் நஜீஸ், உடல் அவ்வாறன்று. மாலிக்கி மத்ஹபிலோ நாயும் தூய்மையான உயிரே. பாத்திரத்தைக் கழுவுவது கட்டளைக்குக் கீழ்ப்படிவதாகும். வேட்டைக்கும் கால்நடைக்கும் பயிருக்கும் காவலாக நாய் வைத்துக்கொள்ள நபிமொழியில் நேரடியான அனுமதி உள்ளது. வீட்டுக் காவலையும் அவற்றோடு ஒப்பிட்டு அனுமதிப்பதே ஏற்றமான கருத்து என்று இமாம் நவவீ (ரஹ்) எழுதினார்கள். மலக்குகள் நுழையாமை பற்றிய நபிமொழி, அனுமதியில்லாமல் வளர்க்கப்படும் நாய்களைக் குறிப்பது என்று இமாம் கத்தாபீ (ரஹ்) விளக்கினார்கள். எனவே காவலுக்காக நாயை வாயிலில் வைத்திருக்கும் அம்முதியவர் பாவம் எதுவும் செய்யவில்லை. தொழும் இடத்தையும் உடையையும் அவர் பேணிக்கொண்டால் போதுமானது.

ஆனால் இங்கே நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தூய்மைச் சட்டம் நம் கைக்கும் உடைக்கும் பாத்திரத்திற்கும் உரியது. அது நெஞ்சுக்குப் பூட்டு போடச் சொல்லவில்லை. கழுவ வேண்டியது எது என்பதற்கும் வெறுக்க வேண்டியது எது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மறந்ததால்தான், நாயின்மேல் கல்லெறிவதையே மார்க்கப்பற்று என்று கருதும் பேதைமை நம்மிடையே புகுந்தது.

திருமறை காட்டும் நாயைப் பாருங்கள். பயிற்றப்பட்ட வேட்டை நாய் பிடித்ததை உண்ணலாம் என்று ‘அல்மாயிதா’ அத்தியாயம் அனுமதிக்கும்போது, அந்தப் பயிற்சியே இறைவன் மனிதனுக்குக் கற்பித்த அறிவிலிருந்து வருவதாகச் சுட்டுகிறது. ‘அல்கஹ்ஃபு’ அத்தியாயத்தில் குகைத் தோழர்களுடன் சென்ற நாய், முன்கால்களை நீட்டி வாயிற்படியில் கிடக்கிறது. அத்தோழர்கள் மூவரா, ஐவரா, எழுவரா என்று மக்கள் தர்க்கித்ததைத் திருமறை எடுத்துக்காட்டும் இடத்தை ஊன்றிப் படியுங்கள். ஒவ்வொரு கணக்கிலும் நாய் சேர்க்கப்பட்டிருக்கிறது. மனிதர்களின் தொகையில்தான் கருத்து வேறுபாடு. அந்த நாயை விட்டுவிட்டு எவரும் எண்ணவில்லை! அது குகைக்குள் சென்று சமமாக அமரவில்லை. வெளியே துரத்தப்படவும் இல்லை. வாயிற்படியே அதன் இடம். அந்த இடத்திற்கும் ஒரு கண்ணியம் உண்டு.

தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, காலுறையில் நீர் முகந்து, அதைப் பல்லால் கவ்வியபடி ஏறி வந்தவரை இறைவன் மன்னித்த வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். அதிகம் பேசப்படாத நிகழ்ச்சி ஒன்றை வரலாற்றாசிரியர் வாக்கிதீ பதிவு செய்துள்ளார். ஹிஜ்ரி 8இல் (கி.பி. 630) பெருமானார் (ஸல்) அவர்கள் பெரும்படையுடன் மக்காவை நோக்கிச் செல்கிறார்கள். வழியில் ஒரு நாய் தன் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறது. படையினரால் அதற்குத் தொல்லை நேராதிருக்க ஒரு தோழரை அங்கே காவலாக நிறுத்துகிறார்கள். ஒரு நகரத்தின் வரலாற்றையே மாற்றச் சென்ற பயணத்தில் இதற்கும் ஓர் ஆள் ஒதுக்கப்பட்டார். வேடனிடம் மானுக்காகப் பெருமானார் பிணை நின்றதை உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் ஒரு படலமாகவே பாடியிருப்பதும் இந்த அருளின் விரிவேயாகும்.

இனி, நலம் தரும் உறவு பற்றிப் பேசுவோம். நோயாளிக்குச் சிறு வளர்ப்புயிர் நல்ல துணையாகும் என்பதைச் செவிலிப் பணியின் முன்னோடி ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859இலேயே எழுதினார். அமெரிக்காவில் இதயநோய்க்குச் சிகிச்சை பெற்ற 92 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 1980இல் வெளிவந்தது. வளர்ப்புயிர் வைத்திருந்த 53 பேரில் ஓராண்டுக்குள் இறந்தவர் மூவர். வைத்திராத 39 பேரில் இறந்தவர் 11 பேர். 2015இல் ஜப்பானிய அறிஞர்கள், நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நோக்கியிருக்கையில் இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு மிகுவதைக் கண்டறிந்தனர். தாய்க்கும் சேய்க்கும் இடையே பிணைப்பை வளர்க்கும் சுரப்பும் அதுவே.

இவற்றைக் கொண்டு நாயை மருந்தென்று விற்பதற்கில்லை. 92 பேரின் கணக்கு உலகத்தின் கணக்காகிவிடாது. ஷிஃபா அளிப்பவன் இறைவன். மற்றவை யாவும் சபபுகள், காரணங்கள். ஆயினும் அந்தக் காரணம் எவ்வாறு இயங்குகிறது என்று எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை. மனிதர்களிடையே நாம் ஒவ்வொரு நாளும் அளக்கப்படுகிறோம். கூலி எவ்வளவு, பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்களா, முதுமையில் யாருக்குச் சுமை என்றெல்லாம் உலகம் கேட்கிறது. நாய் எதையும் கேட்பதில்லை. காலடி ஓசையை அறிந்து எழுந்து வருகிறது. தன் வருகைக்காக ஓர் உயிர் காத்திருக்கிறது என்ற உணர்வும், அதற்கு ஒரு கவளம் வைத்தாக வேண்டுமே என்ற கடமையும் சேர்ந்து தனித்த மனிதனை மறுநாள் காலையில் எழுப்பிவிடுகின்றன. அன்பைப் பெறுவதால் மட்டும் மனம் ஆறுவதில்லை. ஒன்றைப் பேணுவதாலும் ஆறுகிறது.

ஆனால் அதே நாய் கொல்லவும் கூடும். இந்த உண்மையை மறைத்துப் பேசுவது அறிவுடைமையன்று. இதற்கும் நீலகிரியே சான்று. தென்னாட்டில் மருந்து கிடைக்காத காரணத்தால் 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்னும் ஆங்கிலப் பெண்மணி வெறிநாய்க்கடி நோயால் இறந்தார். அத்துயரத்தின் விளைவாக, அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் அளித்த கொடையின் துணையுடன், 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் எழுந்தது. நெடுங்காலம் தடுப்பு மருந்து ஆடுகளின் மூளைத் திசுவிலிருந்து செய்யப்பட்டது. 2004ஆம் ஆண்டோடு அம்முறை நம் நாட்டில் கைவிடப்பட்டு, திசு வளர்ப்பு முறை மருந்து அதன் இடத்தைப் பிடித்தது. ஓர் உயிரின் கடிக்கு மருந்து காண, இத்தனை காலம் எத்தனை ஆடுகள் உயிர் கொடுத்தன என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. கடிபட்டவுடன் காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும் என்பது இன்றும் மருத்துவர்களின் முதற் கட்டளை. அதன்பின் தாமதமின்றித் தடுப்பூசி. நோயின் குறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது.

எனவே நாயின்பால் இரக்கம் என்பது வெறும் மனக்கனிவோடு நின்றுவிடக் கூடாது. தன் நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடாதவன், தன் நாயையும் நேசிக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையையும் நேசிக்கவில்லை. பெருமைக்காக உயர்ந்த சாதிக் குட்டியை விலைகொடுத்து வாங்கி, அது முதுமையடைந்ததும், அல்லது வீடு மாறியதும், தெருவில் விட்டுச் செல்வோரும் உள்ளனர். அவர்கள் கொடுத்தது பணம். அந்த உயிர் கொடுத்ததோ தன் ஆயுள். மலையில் இதனினும் கொடிய வழக்கம் ஒன்றுண்டு. சிறுத்தை நாயைத் தேடி வரும் என்று நன்கறிந்தும், இரவில் அதை வெட்டவெளியில் சங்கிலியால் கட்டிவிட்டு உள்ளே தாழிட்டுக்கொள்வதே அது. காவலுக்கு வைத்த உயிரை இரையாக வைப்பது காவலாகுமா? ஓட இயலாமல் கட்டியவனே அதன் சாவுக்குப் பொறுப்பாவான் என்று கூற முஃப்தி தேவையில்லை, மனச்சாட்சி போதும்.

கி.பி. 1262இல் மறைந்த பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்), மனிதன்மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தி எழுதினார்கள். முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போன விலங்குக்கும் உணவளித்துக் காக்க வேண்டும். தாங்க இயலாத சுமையை ஏற்றக் கூடாது. அதைத் துன்புறுத்தும் வேறு விலங்குடன் சேர்த்து அடைக்கக் கூடாது என்று அவ்வரிசை நீள்கிறது. எழுநூறு ஆண்டுகளுக்கும் முன்பே நம் முன்னோர் ‘ஹக்கு’ என்று பெயரிட்டதை நாம் இன்னும் ‘தயவு’ என்றே எண்ணிக்கொண்டிருக்கிறோம். தயவென்றால் மனமிருந்தால் செய்யலாம். ஹக்கென்றால் மறுமையில் கணக்குச் சொல்ல வேண்டும்.

மக்கள் பசித்திருக்க நாய்க்கு மெத்தை விரிப்பது தகுமா என்று சிலர் கேட்பர். தகாது. மனிதனிடமிருந்து தப்பி ஓட ஒரு மறைவிடமாக நாயை வைத்துக்கொள்வதும் நலமன்று. ஆனால் நாய்க்கு ஒரு கவளம் வைப்பவன் ஏழைக்கு வைக்கமாட்டான் என்பது அனுபவத்துக்கு ஒவ்வாத தர்க்கம். இரக்கம் செலவழித்தால் குறைந்துபோகும் பொருளன்று. பழகப் பழக வளரும் பண்பாகும்.

ஆறுதலைப் பெற்றுக்கொண்ட இடத்தில் கடன் தொடங்குகிறது. வாயிற்படியில் படுத்திருக்கும் அந்த உயிர் நமக்கு உரிமையான பொருளன்று. படைத்தவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். கையைக் கழுவிக்கொள்ளும் பேணுதலையும், கடமையிலிருந்து கை கழுவிவிடாத ஈரநெஞ்சையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.